அச்சின் திசையால் எழுதப்படும் ஒளிச்சுழல்

சீரான தடிப்புள்ள மெல்லிய தட்டொன்றின் ஊடாகச் சாதாரண லேசர்க் கற்றையொன்றைச் செலுத்தினால், சற்றுத் தொலைவில் வைத்த திரையில் நடுவே இருண்ட ஒளிவளையம் ஒன்று விழும் என்று மட்டக்களப்பில் என்னிடம் பௌதிகவியல் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி, “தட்டு எல்லா இடத்திலயும் ஒரே தடிப்பு எண்டா, அலை எப்பிடி சேர் முறுகும்?” என்று கேட்டார். கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுவே. ஒளியின் அவத்தையை மாற்றுவதற்கு அதன் பாதையை நீட்டவோ குறுக்கவோ வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம். பாதையின் நீளத்தைத் தொடாமல், பளிங்கின் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் இடத்துக்கு இடம் மாற்றி அவத்தையை எழுதிவிடலாம் என்பது நம் பாடநூல்களில் அரிதாகவே சொல்லப்படுகிறது. ஆகவே அதை இயன்றவரை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அவத்தை என்பது, அலையொன்று தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் குறிக்கும். சாதாரண லேசர்க் கற்றையின் குறுக்குவெட்டில் அவத்தை ஏறத்தாழ எங்கும் ஒன்றே. சுழற்கற்றையில், மைய அச்சைச் சுற்றி ஒரு முறை வலம் வந்தால், அவத்தை 360 பாகையாலோ அதன் முழுவெண் மடங்காலோ கூடியோ குறைந்தோ இருக்கும். அந்த முழுவெண்ணையே சுழல் எண் என்கிறோம். அலைமுகம் இங்கே தட்டையான தளமாக இராமல், கலங்கரை விளக்கக் கோபுரத்துக்குள் சுழன்றேறும் படிக்கட்டைப் போல அச்சைச் சுற்றிச் சுருண்டபடி முன்னேறுகிறது. அச்சிலே எல்லா அவத்தைகளும் ஒரே புள்ளியில் சந்திப்பதால் அவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அங்கே ஒளிச்செறிவு பூச்சியம். அலைகளில் இத்தகைய புள்ளிகளும் கோடுகளும் இயல்பாகவே தோன்றும் என்பதை 1974 இல் பிரிஸ்டலில் ஜோன் நையும் மைக்கல் பெரியும் விளக்கினார்கள். 1992 இல் நெதர்லாந்தின் லைடனில் லெஸ் அலனும் அவருடன் இருந்தவர்களும், இத்தகைய கற்றையின் ஒவ்வொரு போட்டனும் (ஒளித்துகளும்) சுழல் எண்ணைக் குறுக்கிய பிளாங்கு மாறிலியால் பெருக்கிய அளவு சுற்றுக் கோண உந்தத்தை, அதாவது அலைமுகம் அச்சைச் சுற்றிச் சுருள்வதால் வரும் சுழற்சி உந்தத்தை, சுமக்கிறது என்று காட்டினார்கள். ஒளியின் அதிர்வு எந்தத் திசையில் நிகழ்கிறது என்பதே அதன் முனைவாக்கம்; அத்திசை சுழன்றுகொண்டிருக்கும் வட்ட முனைவாக்கத்தினால் வரும் கோண உந்தம் ஒரு போட்டனுக்கு அம்மாறிலியின் ஒரு மடங்கை மிஞ்ச முடியாது. சுற்றுக் கோண உந்தத்துக்கு அப்படி ஒரு மேலெல்லை இல்லை.

இந்தக் கற்றையை உண்டாக்க நேரான வழி, தடிப்பையே சுருளாக்குவது. சுற்றிவர மெல்ல மெல்லத் தடித்து, ஒரு சுற்றின் முடிவில் செங்குத்தாக இறங்கும் கண்ணாடித் தட்டொன்றைச் செய்தால் போதும். ஆனால் 650 நனோமீற்றர் சிவப்பு ஒளிக்கு, முறிவுச் சுட்டி 1.5 ஆகவுள்ள பொருளில், அந்த இறக்கத்தின் உயரம் 1.3 மைக்கிரோமீற்றர்; அதைச் சுற்றிவரப் பிசகின்றி வார்ப்பது நுண்மையான தொழில். வேறு வழி, நடுவே ஒரு கோடு கவராகப் பிரியும் கோணல் நெய்யரியை (ஒளியைப் பல திசைகளில் பிரிக்கும் நெருங்கிய கோட்டு வரிசையை) பயன்படுத்துவது. அது 1990 இலேயே கீவ் நகரத்து ஆய்வாளர்களால் செய்யப்பட்டது. ஆயினும் ஒளியின் ஒரு பகுதியே வேண்டிய திசையில் போகும். முனைவாக்கத்தை மாற்றும் அலைத்தட்டு இவ்விரண்டையும் விட அழகானது என்பது என் எண்ணம். காரணம், அது வேலை செய்யும் விதத்தை அரை அலைத்தட்டை அறிந்த எந்த மாணவரும் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அரை அலைத்தட்டு என்பது இரட்டை முறிவுள்ள ஒரு தட்டு. அதன் ஓர் அச்சு வழியே அதிரும் ஒளி, மற்ற அச்சு வழியே அதிரும் ஒளியை விட அரை அலைநீளம் பிந்தி வெளியேறும். ஒரே தளத்தில் அதிரும் ஒளி, அதாவது தளமுனைவாக்கமுற்ற ஒளி, அதனூடாகப் போனால், அதிர்வுத் தளம் தட்டின் அச்சைப் பற்றிக் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். தட்டை 10 பாகை திருப்பினால் வெளிவரும் தளம் 20 பாகை திரும்பும். இதுவரை எல்லோரும் அறிந்தது. வட்டமாக முனைவாக்கமுற்ற ஒளியை அனுப்பினால் இடவட்டம் வலவட்டமாகும், வலவட்டம் இடவட்டமாகும் என்பதும் அறிந்ததே. பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சமன்பாட்டை முழுமையாக எழுதினால் இன்னொன்றும் தெரியும்: வெளிவரும் வட்ட ஒளியின் அவத்தை, தட்டின் அச்சு நிற்கும் கோணத்தைப் போல இருமடங்கால் இடம்பெயர்ந்திருக்கும். தட்டை 22.5 பாகை திருப்பினால் அவத்தை 45 பாகை நகரும்; 180 பாகை திருப்பினால், அதாவது தட்டு பழைய நிலையிலேயே இருப்பதாகத் தோன்றும்போது, அவத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கும். தட்டின் தடிப்போ முறிவுச் சுட்டியோ இதில் சிறிதும் மாறவில்லை. உள்ளே வந்தது இடவட்டமா வலவட்டமா என்பதைப் பொறுத்து இந்த இடப்பெயர்ச்சியின் குறியும் மாறும்.

இந்த அவத்தைக்கு வடிவகணித அவத்தை என்று பெயர். இதை முதலில் கண்டவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். சி. வி. இராமனின் சகோதரியின் புதல்வரான அவர், பெங்களூரில் தன் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, 1956 இல், முனைவாக்கமுற்ற ஒளிகளின் தலையீட்டைப் பற்றி எழுதிய ஆய்வில், முனைவாக்க நிலை பல நிலைகளைக் கடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும்போது, அந்நிலைகளைக் குறிக்கும் கோளத்தில் அப்பாதை அடைக்கும் திண்மக் கோணத்தின் பாதி அளவு அவத்தை எஞ்சும் என்று காட்டினார். 1984 இல் பெரி குவாண்டம் தொகுதிகளுக்குப் பொதுவான வடிவில் இதே கருத்தை முன்வைத்தபோது பஞ்சரத்தினம் உயிரோடு இல்லை. 1969 இல், முப்பத்தைந்து வயதளவிலேயே அவர் காலமாகியிருந்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை 1986 இல் இராமசேஷனும் நித்யானந்தாவும் எடுத்துக்காட்ட, பெரியும் அதை மனமுவந்து ஏற்று எழுதினார். தமிழில் ஒளியியல் கற்பிக்கும் எவரும் இந்தப் பெயரைச் சொல்லாமல் இப்பாடத்தைக் கடக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி மாணவியின் கேள்விக்கு விடை கூறலாம். அச்சின் கோணம் அவத்தையைத் தீர்மானிக்கிறது என்றால், ஒரே தட்டில் இடத்துக்கு இடம் அச்சின் கோணத்தை மாற்றிவிட்டால் வேண்டிய அவத்தைக் கோலத்தை எழுதிவிடலாம். மையத்தைச் சுற்றி வரும்போது அச்சும் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஒரு முழுச் சுற்றில் அச்சு எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்பதே தட்டின் எண். ஆய்வாளர்கள் இதை ஆங்கில எழுத்தொன்றால் குறிப்பதால் இத்தகைய தட்டுக்கு ‘கியூ தட்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவத்தை இருமடங்காகச் சுழல்வதால், தட்டின் எண் ஒன்றானால் சுழல் எண் இரண்டு. தட்டின் எண் அரையானால் சுழல் எண் ஒன்று. தட்டின் எண் எப்படி அரையாக இருக்க முடியும் என்று சிலர் தடுமாறுவார்கள். அலைத்தட்டின் அச்சுக்குத் தலையும் வாலும் இல்லை. அது ஒரு கோடு, அம்பு அல்ல. ஆகவே ஒரு சுற்றின் முடிவில் அது 180 பாகை மட்டுமே திரும்பியிருந்தாலும் தொடக்கத்தோடு பிசகின்றிப் பொருந்திவிடும். எங்கும் தையல் தெரியாது. சுருள் தடிப்புத் தட்டில் தவிர்க்க முடியாத செங்குத்து இறக்கம் இங்கே இல்லாமற் போவதற்குக் காரணமும் இதுதான்.

இதை 10.6 மைக்கிரோமீற்றர் அகச்சிவப்பு ஒளியில், அலைநீளத்தை விடச் சிறிய இடைவெளியுள்ள நெய்யரிகளைக் கொண்டு, 2002 இல் இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தில் எரெஸ் ஹாஸ்மனின் குழு செய்து காட்டியது. 2006 இல் நேப்பிள்ஸில் லோரென்சோ மருச்சி, கார்லோ மன்சோ, டொமெனிக்கோ பபாரோ ஆகிய மூவர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத் திரவப் பளிங்கில் தட்டைச் செய்து, அதன் கோண உந்தக் கணக்கையும் தெளிவுபடுத்தினார்கள். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. தட்டின் எண் ஒன்றாக இருக்கும்போது, உள்ளே வரும் போட்டன் முனைவாக்கத்தினால் கூட்டல் ஒன்று என்ற அளவைச் சுமந்து வருகிறது. வெளியேறும்போது முனைவாக்கம் கழித்தல் ஒன்றாகப் புரண்டுவிடுகிறது, சுற்றுக் கோண உந்தம் கூட்டல் இரண்டாகப் பிறக்கிறது. மொத்தம் மாறவே இல்லை. அத்தட்டு தன் மையத்தைச் சுற்றி முழுமையான சமச்சீர் உடையதால் முறுக்கம் எதையும் ஏற்க முடியாது; ஒளி தான் கொண்டுவந்ததை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறது. சாதாரண அரை அலைத்தட்டு அப்படியல்ல. புரண்ட உந்தம் முழுவதும் தட்டின் மீது இறங்கும். 1936 இல் ரிச்சட் பெத் குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட அலைத்தட்டு ஒளியினால் திரும்புவதை அளந்தது இந்த முறுக்கத்தைத்தான். எண் அரையான தட்டு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது: போட்டனுக்கு ஒரு மாறிலி அளவு தட்டுக்குப் போய்ச் சேரும்.

திரவப் பளிங்கின் இரட்டை முறிவு பெரியது, 0.2 அளவில் இருக்கும். எனவே 650 நனோமீற்றருக்கு 1.6 மைக்கிரோமீற்றர் அளவான படலமே அரை அலைத்தட்டுக்குப் போதும். மூலக்கூறுகளை வரிசைப்படுத்துவதற்கு, கண்ணாடியின் உட்பூச்சைச் சுழலும் துணியில் உராய்ந்து வட்டக் கோலத்தை உண்டாக்குவது தொடக்க கால முறை. இன்று ஒளியுணர் சாயப் பூச்சின் மீது தளமுனைவாக்கமுற்ற ஒளியைப் பாய்ச்சி எந்தக் கோலத்தையும் வரையலாம். இரு மின்வாய்களுக்கு இடையே வைத்து மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒரே தட்டைப் பல அலைநீளங்களுக்கு இசைக்கவும் முடியும். இன்னொரு வகை, சிலிக்காக் கண்ணாடிக்குள் மிகக் குறுகிய துடிப்புகளை வீசும் பெம்ரோசெக்கன் லேசரினால் நனோ அளவான நெய்யரிகளை எழுதிச் செய்வது. 2011 இல் சவுதாம்ப்டனில் பீற்றர் கசான்ஸ்கியின் குழு செய்தது அது. எழுதும் லேசரின் முனைவாக்கத் திசையே எழுதப்படும் அச்சைத் தீர்மானிக்கிறது. அதன் இரட்டை முறிவு சிறிது என்பதால் எழுதும் ஆழம் பல பத்து மைக்கிரோமீற்றர் ஆகும். ஆனால் முழுவதும் கண்ணாடி என்பதால் உயர்ந்த வலுவுள்ள லேசரையும் தாங்கும். வாவியும் கடலும் இருபுறமும் சூழ்ந்த எங்கள் ஊரின் உப்பு ஈரக் காற்றில், வாடைக்காற்று மழை மாதங்களில் வில்லைகளில் பூஞ்சணம் படர்வதைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், இரண்டில் ஒன்றைத் தேரும் வாய்ப்புள்ள ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடித் தட்டையே நான் பரிந்துரைப்பேன். துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினாலும் எழுதப்பட்டது கண்ணாடியின் உள்ளே பத்திரமாக இருக்கும்.

தட்டு எவ்வகையானாலும், பிந்துகை சரியாக அரை அலைநீளமாக இருப்பது முக்கியம். பிந்துகை பிசகினால் ஒளியின் ஒரு பகுதி முனைவாக்கம் மாறாமலும் சுழல் பெறாமலும் அப்படியே வெளியேறி, இருண்டிருக்க வேண்டிய நடுப்பகுதியில் வந்து விழும். 633 நனோமீற்றருக்குச் செய்த தட்டில் 532 நனோமீற்றர் பச்சை ஒளியைச் செலுத்தினால், முறிவுச் சுட்டி நிறத்தோடு மாறுவதைப் புறக்கணித்துக் கணக்கிட்டால், 91 சதவீதம் மாற்றமடையும், 9 சதவீதம் எஞ்சும். 91 நல்ல புள்ளியாகத் தோன்றலாம்; ஆனால் வளையத்தின் ஒளி அகலப் பரந்து கிடக்க, எஞ்சியது நடுவில் குவிந்து விழுவதால் கண்ணுக்கு அந்த 9 தான் முதலில் தெரியும். நல்ல வேளையாக, எஞ்சிய ஒளி பழைய கைத்திசையிலேயே இருக்கிறது. தட்டுக்குப் பின்னால், வட்ட ஒளியைத் தளமுனைவாக்கமுற்றதாக மாற்றும் ஒரு கால் அலைத்தட்டையும், ஒரு திசை அதிர்வை மட்டும் கடத்தும் முனைவாக்கியையும் உரிய கோணத்தில் வைத்தால் அதை முற்றாக அகற்றிவிடலாம்.

விலைகொடுத்து வாங்குவதற்கு முன் ஒரு தட்டைக் கையால் செய்து பார்ப்பது இத்துறையைப் புரிந்துகொள்வதற்கு மிகச் சிறந்த வழி என்று நம்புகிறேன். தேவையானவை மட்டக்களப்பு நகருக்குள்ளேயே கிடைக்கும். நிறமற்ற ஒட்டுநாடா தயாரிப்பின்போது இழுபட்டதால் இரட்டை முறிவு உடையது; அதன் அச்சு நாடாவின் நீளத்தோடு ஒத்திருக்கும். கைத்தொலைபேசியும் கணினித் திரையும் திருத்தும் கடைகளில் உடைந்த எல்.சி.டி. திரையைக் கேட்டுப் பெற்றால் அதிலுள்ள முனைவாக்கித் தாளை உரித்தெடுக்கலாம். நாடாவின் பிந்துகை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். எனவே ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் வைத்த இரு முனைவாக்கிகளுக்கு நடுவே நாடாவை 45 பாகையில் வைத்துச் சிவப்பு லேசரைச் செலுத்தி, ஒளி மிகக் கூடுதலாகவும், முனைவாக்கிகளை ஒரே திசையில் வைக்கும்போது மிகக் குறைவாகவும் வருகிற படை (ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டும் நாடா அடுக்கு) எண்ணிக்கையைக் கண்டுகொள்ள வேண்டும். அதுவே அரை அலைத்தட்டு.

பின்னர் நாடாவை எட்டு ஆரைச்சிறைகளாக (மையத்திலிருந்து விரியும் துண்டுகளாக) வெட்டி மெல்லிய கண்ணாடியில் ஒட்ட வேண்டும். எண் அரையான தட்டுக்கு, ஒவ்வொரு சிறையிலும் அச்சு முந்தையதை விட 22.5 பாகை கூடுதலாகத் திரும்பியிருக்க வேண்டும்: 0, 22.5, 45 என்று தொடங்கி 157.5 வரை. கணக்குப்படி, எட்டுப் படிகளில் எழுதிய சுழலில் 95 சதவீத ஒளி வேண்டிய சுழல் எண்ணையே பெறும். எஞ்சியது கழித்தல் ஏழு, கூட்டல் ஒன்பது போன்ற தொலைவான சுழல் எண்களுக்குப் போய் வெளிப்புறத்தில் சிதறும். எண் ஒன்றான தட்டை இதே எட்டுச் சிறைகளில் செய்தால் ஒரு சுழற்சிக்கு நான்கு படிகளே கிடைப்பதால் 81 சதவீதமாகக் குறையும். ஆகவே அரையில் தொடங்குவதே நல்லது. சிறைகள் ஒழுங்காக ஒட்டப்பட்டனவா என்று சோதிக்க லேசரே தேவையில்லை. செங்குத்தான முனைவாக்கிகளுக்கு நடுவே, சிவப்புக் கண்ணாடித்தாள் போர்த்திய மின்விளக்கின் முன் பிடித்தால், எதிரெதிரான இரு சிறைகள் இருண்டும், அவற்றுக்குச் செங்குத்தான இரண்டு முழுமையாக ஒளிர்ந்தும், இடையிலுள்ள நான்கு அரைவாசி ஒளிர்ந்தும் தெரிய வேண்டும். வேறு கோலம் தெரிந்தால் எந்தச் சிறை பிசகியது என்பது உடனே விளங்கிவிடும்.

வட்டமுனைவாக்கம் பெறுவதற்கு, முன்னர் முப்பரிமாணத் தொலைக்காட்சிக்குத் தரப்பட்ட மின்கலமில்லாத கண்ணாடி உதவும். அதன் ஒவ்வொரு வில்லையும் தளமுனைவாக்கியும் கால் அலைத் தாளும் சேர்ந்தது. கண்ணை நோக்கும் பக்கத்தால் லேசரைச் செலுத்தினால் மறுபக்கத்தால் வட்ட ஒளி வெளிவரும். 650 நனோமீற்றரில் அது துல்லியமான வட்டமாக இராது என்றாலும் தொடக்கத்துக்குப் போதும். இடது வில்லையும் வலது வில்லையும் எதிரெதிர்க் கைத்திசையைத் தருவதால், வில்லையை மாற்றிப் பிடித்தாலே சுழலின் திசை மாறும். லேசர்ச் சுட்டியாகச் சிவப்பு நிறத்தையே தேர்க. மலிவான பச்சைச் சுட்டிகள் சில கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கசியவிடுவதால் அவை கண்ணுக்கு ஆபத்தானவை.

தட்டுக்கு மிக அருகில் திரையை வைத்துப் பார்ப்பவருக்கு வளையம் தெரியாது. சுழல் அவத்தையில் எழுதப்பட்டுவிட்டாலும், செறிவில் இருள் விரிவதற்குக் கற்றை பயணம் செய்ய வேண்டும். அரை மில்லிமீற்றர் ஆரையுள்ள சிவப்புக் கற்றைக்கு இந்தத் தூர அளவுகோல் 1.2 மீற்றர், ஆகவே நான்கைந்து மீற்றருக்கு அப்பால் திரையை வைக்கலாம், அல்லது குவிவில்லையின் குவியத்தில் பார்க்கலாம். வளையத்தின் ஒரு பக்கம் கூடுதலாக ஒளிர்ந்தால் கற்றை தட்டின் மையத்தில் விழவில்லை என்று பொருள். வட்ட ஒளிக்குப் பதிலாகத் தளமுனைவாக்கமுற்ற ஒளியை அனுப்பினால் இன்னொரு காட்சி கிடைக்கும்: எண் அரையான தட்டிலிருந்து அதிர்வுகள் ஆரை வழியே நீட்டி நிற்கும் கற்றையோ, வட்டத்தின் தொடுகோடு வழியே நிற்கும் கற்றையோ வெளிவரும். அதன் முன் முனைவாக்கியை வைத்தால் வளையம் இரண்டு இதழ்களாகப் பிரிந்து, முனைவாக்கியைத் திருப்பத் திருப்ப இதழ்களும் கூடவே திரும்பும். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

சுழல் எண்ணை அளப்பதற்கு, இரு கற்றைகளைக் கலந்து இருள்-ஒளிக் கோடுகளை உண்டாக்கும் தலையீட்டுமானி சிறந்தது. தளஅலையோடு கலந்தால் கோடுகளில் கவர் ஒன்று தோன்றும். ஆனால் பேருந்து போகும் வீதியோரக் கட்டடத்தில், மின்விசிறியை நிறுத்தினால் வியர்வையிலும் நிறுத்தாவிட்டால் அதிர்விலும் தவிக்கும் அறையில், அந்தக் கோடுகள் நிலைத்து நிற்பது அரிது. அகமதாபாத்தின் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2013 இல் வெளியிட்ட முறை எங்களுக்கு மிகவும் ஏற்றது. சாதாரண குவிவில்லையைச் சற்றுச் சாய்த்து வைத்துக் குவியத்தை அண்டிப் பார்த்தால் வளையம் சாய்வான கீற்றுகளாக உடையும்; இருண்ட கோடுகளின் எண்ணிக்கையே சுழல் எண், அவை சாயும் பக்கமே அதன் குறி.

இக்கற்றைகளின் பயன்கள் பல. நடுவில் இருளுள்ள வளையம், ஸ்டெபான் ஹெல்லுக்கு 2014 இல் நோபல் பரிசின் பங்கைப் பெற்றுத்தந்த நுணுக்குக்காட்டி முறையின் உயிர்நாடி. 2010 இல் பலோமர் மலையிலுள்ள ஹேல் தொலைகாட்டியின் 1.5 மீற்றர் பகுதியை மட்டும் பயன்படுத்தி, திரவப் பளிங்குப் பல்பகுதியச் சுழல் தட்டினால் விண்மீனின் ஒளியை ஒதுக்கி, எச்.ஆர். 8799 என்ற விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களைப் படமெடுத்தார்கள். அங்கே இருந்தது இதே இயற்பியல்தான்.

எண் அரையான இரு நாடாத் தட்டுகளை அடுத்தடுத்து வைப்பதே இனி என் மாணவர்களோடு செய்யவிருக்கும் சோதனை. முதல் தட்டு இடவட்டத்தை வலவட்டமாக்கிச் சுழல் எண்ணைக் கூட்டல் ஒன்றாக்கும். இரண்டாவது தட்டு வலவட்டத்தைச் சந்திப்பதால் கழித்தல் ஒன்றைச் சேர்க்கும். எனவே சுழல் மறைந்து பழைய கற்றையே திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே சிறை வெட்டாத சாதாரண நாடா அரை அலைத்தட்டொன்றைச் செருகினால், கைத்திசை மீண்டும் புரண்டு இரண்டு பங்களிப்புகளும் கூடி, திரையில் சுழல் எண் இரண்டு உடைய அகன்ற வளையம் விழ வேண்டும். சாய்ந்த வில்லையின் குவியத்தில் அப்போது இரண்டு இருண்ட கோடுகளை எண்ணலாம்.